கை நடுங்கினால் மூளையைப் படம் எடுக்க வேண்டுமா?

எழுபதைத் தாண்டியவர்கள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் முழங்கால் வலி, சர்க்கரை, கண்புரை என்று வந்துதான் முடிகிறது. கொஞ்ச காலமாக அந்தப் பட்டியலில் கை நடுக்கமும் சேர்ந்துகொண்டது. யாராவது காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தால் போதும், "மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டீங்களா சார்?" என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டுவிடுகிறார்.

அந்தக் கேள்விக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் கை நடுக்கத்துக்குப் பெயர் கண்டுபிடிக்க மூளைப் படம் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. ஆனால் அந்த நடுக்கம் ஏன் வருகிறது என்று கண்டுபிடிக்க மூளைப் படம் கட்டாயம் வேண்டும். முதலாவது சிகிச்சை, இரண்டாவது ஆராய்ச்சி. இரண்டும் வேறு வேறு கோப்பு. ஒன்றை எடுத்து மற்றொன்றில் செருகுவதால்தான் நம்மில் பலர் வீண் பயமும் வீண் செலவும் படுகிறோம். நான் மருத்துவன் அல்ல, ஓய்வுபெற்ற குமாஸ்தா. படித்ததையும், விவரம் தெரிந்த மருத்துவர்களிடம் கேட்டதையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் எந்த நடுக்கம் என்று தெளிவு வேண்டும். கை நடுங்கினாலே பார்க்கின்சன், அதாவது உதறுவாதம், என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் அதைவிடப் பல மடங்கு அதிகம் பேருக்கு இருப்பது வேறொரு நடுக்கம். ஆங்கிலத்தில் எசென்ஷியல் ட்ரெமர் என்கிறார்கள். பல நாடுகளில் எடுத்த கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தபோது மொத்த மக்களில் சுமார் 1 சதவீதம் பேருக்கும், 65 வயதைத் தாண்டியவர்களில் 4 முதல் 5 சதவீதம் பேருக்கும் இது இருப்பதாகத் தெரிந்தது. நூறு பேர் வரும் ஓய்வூதியர் சங்கக் கூட்டத்தில் நாலைந்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த எசென்ஷியல் என்ற சொல் பலரைக் குழப்புகிறது. பிரெஞ்சில் படித்த எனக்கு 'எஸான்சியேல்' என்றால் இன்றியமையாதது என்றுதான் பள்ளியில் பாடம். கை நடுங்குவது யாருக்கு இன்றியமையாதது? மருத்துவர்கள் அந்தச் சொல்லை வேறு பொருளில் வைத்திருக்கிறார்கள். வேறு எந்த நோயின் விளைவாகவும் வராமல் தானே வருவது, காரணம் புலப்படாதது, என்று அதற்கு அர்த்தம். காரணம் தெரியாத ரத்தக் கொதிப்புக்கும் இதே அடைமொழி உண்டு. இத்தாலியில் பியெத்ரோ புர்ரேசி என்ற பேராசிரியர் 1874ல் இந்த நடுக்கத்துக்கு அப்பெயரை வைத்தார். நூற்றைம்பது வருடம் ஆகிவிட்டது. 'காரணம் தெரியவில்லை' என்ற குறிப்போடுதான் கோப்பு இன்னும் மேசையில் கிடக்கிறது.

என்னோடு பல வருடம் ஒரே பிரிவில் இருந்த நண்பர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். தட்டச்சு இயந்திரம் பழுதாகிவிட்டால் கடிதத்தை அவரிடம்தான் எழுதக் கொடுப்போம். அவ்வளவு முத்து முத்தான எழுத்து. ஓய்வுபெற்று சில வருடத்தில் அந்தக் கை நடுங்கத் தொடங்கியது. கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று ஒரு வங்கியில் காசோலையைத் திருப்பினார்கள். கல்யாண வீட்டில் பந்தியில் உட்காருவதை நிறுத்திவிட்டார். ரசம் சாதத்தை எடுத்தால் வாய்க்குப் போவதற்குள் பாதி இலையிலேயே விழுந்துவிடும். "காலையிலேயே போட்டுட்டு வந்துட்டாரு போல" என்று ஒரு பையன் அவர் காதுபடவே சொன்னான். தெருவுக்குத் தெரு மதுக்கடை இருக்கும் ஊரில் கை நடுங்குபவருக்கு வேறென்ன பெயர் கிடைக்கும்?

முதலில் பார்த்த இடத்தில் கையைக்கூடச் சரியாகப் பார்க்காமல் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார்கள். சில ஆயிரம் ரூபாய் செலவு. அறிக்கையில் 'வயதுக்கேற்ற மூளைச் சுருக்கம்', 'சிறு ரத்தக் குழாய்களில் மாற்றம்' என்று இரண்டு வரி இருந்தது. அவ்வளவுதான், வீடே இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டது. "எனக்கு மூளை சுருங்கிடுச்சு சார்" என்று என்னிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் குரலும் நடுங்கியது. பார்க்கின்சனாக இருக்கலாம் என்று அதற்குரிய மாத்திரையும் தொடங்கினார்கள். குமட்டல்தான் மிச்சம், நடுக்கம் குறையவில்லை. ஏறக்குறைய ஒரு வருடம் அப்படிப் போனது.

பிறகு பார்த்த நரம்பியல் மருத்துவர் அந்தப் படத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கைகளை மடியில் சும்மா வைக்கச் சொன்னார். நடுக்கம் இல்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொன்னார். நடுக்கம் வந்தது. ஒரு காகிதத்தில் நடுவிலிருந்து வெளியே வரும்படி சுருள் ஒன்று வரையச் சொன்னார். ஒரு வரி எழுதச் சொன்னார். ஒரு டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். நடக்கவிட்டுப் பார்த்தார். கடைசியில், "உங்க அப்பாவுக்கும் இப்படி நடுங்குமா?" என்று கேட்டார்.

"ஆமாங்க டாக்டர். கடைசிக் காலத்துல டம்ளர்ல குடிக்க மாட்டார். சொம்பைத்தான் ரெண்டு கையாலயும் பிடிச்சுக் குடிப்பார்."

அதோடு விடை கிடைத்துவிட்டது. பதினைந்து நிமிடம், ஒரு காகிதம், இரண்டு டம்ளர் தண்ணீர்.

இந்தப் பரிசோதனைகளின் பின்னால் உள்ள விஷயம் நமக்கெல்லாம் தெரிந்திருக்க வேண்டியது. பார்க்கின்சன் நடுக்கம் பெரும்பாலும் கை சும்மா இருக்கும்போது வரும், ஏதாவது எடுக்கப் போனால் குறையும். நண்பருக்கு இருக்கும் நடுக்கம் நேர் எதிர். கை சும்மா இருந்தால் அடங்கியிருக்கும், வேலை கொடுத்தால் ஆடும். பார்க்கின்சன் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் தொடங்கும், இது இரண்டு கையிலும் வரும். பார்க்கின்சன் வந்தவர்களின் எழுத்து வரவரப் பொடியாகிவிடும். இதில் எழுத்து கோணல்மாணலாக, பெரிதாகப் போகும். அதில் நடை தளரும், கை வீசி நடப்பது குறையும், எல்லாம் மெதுவாகும். இதில் அப்படி இல்லை. தலையும் குரலும் சிலருக்கு நடுங்கலாம். ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்காவதும் இருக்கும்.

அதோடு, ஸ்கேனுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை இன்னும் சில உண்டு. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் கை நடுங்கும். ஆஸ்துமாவுக்கு எடுக்கும் சால்பியூட்டமால், வலிப்புக்குக் கொடுக்கும் வால்புரோயேட் போன்ற மருந்துகளாலும் நடுங்கும். ஒரு ரத்தப் பரிசோதனையும், நாம் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலும் இதற்குப் போதும்.

அப்படியானால் எம்.ஆர்.ஐ. எதற்கு? இந்த நடுக்கம் உள்ளவரின் மூளையைச் சாதாரண எம்.ஆர்.ஐ.யில் எடுத்தால், அவர் வயதுக்காரர் எவருடைய படமும் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். நடுக்கத்தின் தடயம் அதில் தெரியாது. தெரிவதெல்லாம் வயதின் தடயம். எழுபது வயதில் தலைமுடி நரைப்பது மாதிரி மூளையும் கொஞ்சம் சுருங்குகிறது, ஆங்காங்கே வெள்ளைப் புள்ளிகள் விழுகின்றன. கை நடுங்காத என் மூளையைப் படம் எடுத்தாலும் அதே இரண்டு வரி வரக்கூடும். ஆகையால் அறிக்கையை நாமே வாசித்து நாமே தீர்ப்பு எழுதக் கூடாது.

எம்.ஆர்.ஐ. அவசியமாகும் சமயங்களும் உண்டு. நடுக்கம் திடீரென்று ஒரே நாளில் வந்தால், ஒரு பக்கம் மட்டும் இருந்தால், கூடவே கை கால் பலவீனமோ பேச்சுக் குழறலோ தள்ளாட்டமோ இருந்தால், பக்கவாதமோ கட்டியோ வேறு கோளாறோ இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். அப்போது மருத்துவர் சொன்னால் தட்டாமல் எடுக்க வேண்டும். நான் கேட்டுக்கொள்வதெல்லாம், மருத்துவர் கையைப் பார்த்த பிறகு எழுதிக் கொடுக்கட்டும் என்பதுதான்.

இன்னொரு வகைப் படமும் உண்டு. அனுபவமுள்ள மருத்துவருக்கே இது பார்க்கின்சனா, அந்த நடுக்கமா என்று சந்தேகம் வந்தால் உதவுவது. பார்க்கின்சனில் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் நரம்பு செல்கள் அழிகின்றன. அந்த நரம்புகளின் முனையில் போய் ஒட்டிக்கொள்ளும் மருந்து ஒன்றைச் சிறிதளவு கதிரியக்கத்தோடு ஊசியில் ஏற்றி, சில மணி நேரம் கழித்துப் படம் எடுப்பார்கள். நரம்புகள் நன்றாக இருந்தால் படத்தில் இரண்டு பக்கமும் காற்புள்ளி வடிவில் வெளிச்சம் தெரியும். அழிந்திருந்தால் காற்புள்ளியின் வால் மறைந்து முற்றுப்புள்ளி மாதிரி ஆகிவிடும். எழுத்தோடு வாழ்ந்த எனக்கு இந்த விவரம் மறக்கவே இல்லை. ஐரோப்பாவில் 2000லும் அமெரிக்காவில் 2011லும் இந்தப் பரிசோதனைக்கு அனுமதி கிடைத்தது. நம் நாட்டில் ட்ரோடாட் என்ற மருந்தை வைத்து இதே வகைப் படம் பல பெரிய மருத்துவமனைகளில் எடுக்கிறார்கள்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. டோபமின் நரம்புகள் அழியவில்லை என்று மட்டும்தான் அது சொல்லும். 'உங்களுக்கு எசென்ஷியல் ட்ரெமர்' என்று சொல்லாது. ஒரு நோய் இல்லை என்று சான்றிதழ் தருமே தவிர, இருக்கும் நோயை அடையாளம் காட்டாது. இன்றைய தேதிக்கு அதை அடையாளம் காட்டும் படம் எதுவும் வழக்கத்தில் இல்லை. மருத்துவரின் கண்தான் அதைச் செய்கிறது.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, மூளைப் படம் வேண்டாம் என்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. என் அடுத்த கோப்பு அதுதான்.

இந்த நடுக்கத்துக்கு இன்று முதலில் கொடுக்கும் மருந்துகள் இரண்டு. ஒன்று புரோப்ரனலால். அது இதய நோய்க்காகக் கண்டுபிடித்தது. இன்னொன்று பிரிமிடோன், வலிப்பு நோய்க்கு வந்த மருந்து. வேறு நோய்க்குக் கொடுத்தபோது நடுக்கமும் குறைந்ததைப் பார்த்து இதற்கும் எழுதத் தொடங்கினார்கள். இரண்டும் எல்லோருக்கும் பலன் தருவதில்லை. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு முதலாவது ஆகாது, இரண்டாவது பல முதியவர்களுக்குத் தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தருகிறது. நூறு பேரில் நாலைந்து முதியவர்களுக்கு இருக்கும் ஒரு நோய்க்கு இரவல் மருந்துதான் கொடுக்க முடிகிறது. கோளாறு மூளையில் எங்கே, எப்படி என்று தெரியாமல் அதற்கென்று மருந்து செய்வது எப்படி? உயிரோடிருக்கும் மனிதனின் மூளைக்குள் பார்ப்பதற்குப் படத்தை விட்டால் வேறு வழியில்லை.

பார்ப்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. படம் தெளிவாக விழ வேண்டுமானால் அசையாமல் படுத்திருக்க வேண்டும். அசையாமல் படுத்தாலோ இந்த நடுக்கம் நின்றுவிடும். திருடன் இல்லாத நேரத்தில் காவலுக்குப் போன கதை. தலை அசைந்தாலோ படமே கலங்கிப்போகும். அதனால் தலையை மெத்தைகள் வைத்து அசையாமல் நிறுத்திவிட்டு, மணிக்கட்டை மட்டும் தூக்கச் சொல்லி, கை நடுங்கும் நேரத்தில் படம் எடுக்கிறார்கள்.

1990களின் தொடக்கத்தில் லண்டனில் இதைச் செய்தார்கள். கதிரியக்க ஆக்சிஜனைப் பயன்படுத்தி, மூளையில் எந்த இடத்துக்கு ரத்தம் அதிகம் பாய்கிறது என்று பெட் என்னும் கருவியில் பார்த்தார்கள். அந்த ஆக்சிஜனின் வீரியம் இரண்டே நிமிடத்தில் பாதியாகிவிடும். ஆகையால் அதைத் தயாரிக்கும் இயந்திரம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பார்த்ததில், பின்மண்டையின் அடியில் இருக்கும் சிறுமூளை இரண்டு பக்கமும் மிதமிஞ்சி வேலை செய்வது தெரிந்தது. நம் அசைவுகளின் அளவையும் நேரத்தையும் சரிபார்த்துத் தருவது அந்தச் சிறுமூளைதான்.

அதே குழுவினர் 1996ல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு சுவாரஸ்யமானது. இந்த நடுக்கம் உள்ள பலருக்குக் கொஞ்சம் மது உள்ளே போனால் சிறிது நேரம் நடுக்கம் குறையும். மருத்துவர்களுக்கு வெகுகாலமாகத் தெரிந்த விஷயம் இது. அப்படிப்பட்டவர்களுக்கு அளந்து மதுவைக் கொடுத்து, முன்னும் பின்னும் படம் எடுத்தார்கள். மது போனதும் சிறுமூளையின் மிதமிஞ்சிய வேலை குறைந்தது. என் நண்பரைக் குடிகாரர் என்று சொன்ன அந்தப் பையனுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்: இவர்கள் கை நடுங்குவது குடித்ததால் அல்ல. அதற்காக இதை மருந்தாக எடுத்துக்கொள்ளலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். போதை இறங்கியதும் நடுக்கம் முன்னைவிட அதிகமாக வரும், பழக்கமும் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து வந்தது எஃப்.எம்.ஆர்.ஐ. இதில் ஊசியும் இல்லை, கதிரியக்கமும் இல்லை. மூளையின் ஒரு பகுதி வேலை செய்யும்போது அங்குள்ள ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மாறுவதைக் காந்தப் புலத்தை வைத்தே காணலாம் என்று செய்ஜி ஒகாவா என்ற ஜப்பானிய விஞ்ஞானி 1990ல் அமெரிக்காவில் காட்டினார். அதை வைத்து 1997ல் ஒரு குழு, நடுக்கம் உள்ளவர்களையும், நடுக்கம் இல்லாமல் வேண்டுமென்றே கையை நடுங்கவைத்துக் காட்டியவர்களையும் ஒப்பிட்டது. காரணம் இருக்கிறது. கை ஆடினாலே அந்தச் செய்தி மூளைக்குப் போகும், மூளையும் வேலை செய்யும். படத்தில் தெரிவது நடுக்கத்தின் காரணமா, நடுக்கத்தின் விளைவா என்று எப்படிப் பிரிப்பது? அதற்குத்தான் நடித்துக் காட்ட ஆள் வேண்டியிருந்தது. நடுக்கம் உள்ளவர்களுக்குச் சிறுமூளை இரண்டு பக்கமும் தெளிவாக வேலை செய்தது அங்கேயும் தெரிந்தது.

நம் பக்கத்திலும் இந்த ஆராய்ச்சி நடக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் 3 டெஸ்லா எம்.ஆர்.ஐ.யில் மூளையை நுட்பமாக அளந்து, இந்த நடுக்கம் உள்ளவர்களுக்குப் பெருமூளையிலும் சிறுமூளையிலும் சாம்பல் நிறப் பகுதி குறைந்திருப்பதாக 2012ல் எழுதினார்கள். முன்னால் சொன்ன சாதாரண எம்.ஆர்.ஐ.யில் தெரியாதது இங்கே எப்படித் தெரிந்தது என்று கேட்கலாம். ஒருவர் படத்தைப் பார்த்து அதைச் சொல்லவே முடியாது. பலருடைய படங்களைக் கணினியில் ஒன்றாகச் சேர்த்து, அதே வயதுள்ள வேறு பலருடைய சராசரியோடு ஒப்பிட்டால்தான் அந்தச் சின்ன வித்தியாசம் தெரியும். கூட்டத்துக்குப் பொருந்தும் சராசரியைத் தனி ஆளுக்குத் தீர்ப்பாகச் சொல்ல முடியாது. நான் இரண்டு கோப்பு என்று சொன்னதன் சாரமே இதுதான்.

ஆராய்ச்சிகளும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. சில குழுக்கள் சிறுமூளை சுருங்கியிருக்கிறது என்கின்றன, சில குழுக்கள் அப்படி எதுவும் காணவில்லை என்கின்றன. இருபது, முப்பது பேரை வைத்துச் செய்யும் ஆய்வுகளில் அப்படித்தான் ஆகும். இது ஒரே நோயா, ஒரே பெயரில் பல நோய்களா என்பதிலும் சந்தேகம் இருக்கிறது. 2018ல் உலக நிபுணர்கள் கூடி, இரண்டு கையிலும் நடுக்கம், குறைந்தது 3 வருடம், நரம்புக் கோளாறின் வேறு அடையாளங்கள் இல்லை என்று வரையறையை இறுக்கினார்கள். அவற்றோடு லேசான வேறு அறிகுறிகளும் இருப்பவர்களைத் தனிப் பிரிவாக வைத்தார்கள். பெரும்பாலானோர் ஒப்புக்கொள்வது ஒன்று: சிறுமூளையில் தொடங்கி, நடுவில் தலாமஸ் என்ற இடம் வழியாக, மேலே அசைவுக்குக் கட்டளையிடும் பகுதிவரை போகும் ஒரு சுற்றுப் பாதையில்தான் கோளாறு.

அந்தப் பாதையில் கை வைத்துப் பலன் கண்ட கதையும் உண்டு. பிரான்சில் கிரெனோபிள் நகரத்தில் அலிம் லூயி பெனபித் என்ற அறுவை மருத்துவர், 1987ல், தலாமஸில் ஒரு சிறிய இடத்தில் மின்கம்பி வைத்து வேகமான மின்துடிப்பு கொடுத்தால் நடுக்கம் நிற்பதைக் கண்டு, அதையே நிரந்தர சிகிச்சையாக்கினார். அதற்கு முன்பெல்லாம் அந்த இடத்தைச் சுட்டு அழித்துவிடுவார்கள். இன்று உலகம் முழுக்க நடக்கும் டி.பி.எஸ். சிகிச்சையின் தொடக்கம் அதுதான்.

அந்த இடத்தைக் கண்டுபிடித்தது படம் அல்ல. அறுவை மருத்துவர்கள் பல வருட அனுபவத்தில் கண்டது. ஆனால் மண்டையைத் திறக்காமல் அங்கே போக வழி காட்டியது படம்தான். எம்.ஆர்.ஐ. கருவிக்குள்ளேயே நோயாளியைப் படுக்கவைத்து, தலையில் கவசம் மாதிரி ஒன்றைப் பொருத்தி, அதிலுள்ள 1024 முனைகளிலிருந்து ஒலி அலைகளை ஒரே புள்ளியில் குவிக்கிறார்கள். அந்தப் புள்ளி 55, 60 டிகிரி வரை சூடேறி அழிகிறது. சூடு எங்கே, எவ்வளவு என்று எம்.ஆர்.ஐ. உடனுக்குடன் காட்டிக்கொண்டே இருக்கும். நோயாளி விழித்தே இருப்பார். நடுநடுவே அவரை வெளியே இழுத்து, அதே சுருளை வரையச் சொல்வார்கள். 76 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2016ல் வெளிவந்தது. மூன்று மாதத்தில் கை நடுக்கம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சிலருக்கு மரமரப்பும் நடையில் தள்ளாட்டமும் வந்தன, சிலருக்கு அது நீடித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் நாட்டிலும் இந்தக் கருவி வந்துவிட்டது. செலவு நம்மைப் போன்ற ஓய்வூதியக்காரர்களுக்கு எட்டும் தூரத்தில் இன்னும் இல்லை.

இனி என் கருத்துக்கு வருகிறேன். இந்த ஆராய்ச்சிக்குப் பணம், கருவி எல்லாம் கிடைத்தாலும் கடைசியில் படுத்திருக்க ஆள் வேண்டும். அந்த ஆள் நாம்தான். நடுக்கம் உள்ளவர்கள் மட்டும் போதாது. அதே வயதில் நடுக்கம் இல்லாதவர்களும் வேண்டும், இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவது? இளைஞர்களை வைத்து அதைச் செய்ய முடியாது. எழுபது வயது மூளைக்கு ஜோடி எழுபது வயது மூளைதான். பொழுதுபோகவில்லை என்று திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நமக்கு, பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் செய்ய இதைவிட லேசான உதவி இல்லை. பாதிக் குடும்பங்களில் வழிவழியாக வரும் நடுக்கம் என்றேன் அல்லவா? நம் பேரன் கையும் ஒருநாள் நடுங்கலாம்.

போவதற்கு முன் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஆராய்ச்சிக்காக எடுக்கும் படத்துக்கு நம்மிடம் பணம் வாங்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் சொல்கின்றன. நமக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் படிவம் தர வேண்டும். பிடிக்காவிட்டால் பாதியில் விலகலாம், அதனால் நம் சிகிச்சை பாதிக்கக் கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர், உடலில் உலோகம் இருந்தால் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். கருவிக்குள் சத்தம் பலமாக இருக்கும், மூடிய குழாய் மாதிரி இருக்கும். பெட் படமானால் சிறிதளவு கதிரியக்கம் உண்டு. இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்று ஒரு குமாஸ்தா உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

ஆராய்ச்சி செய்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள். எங்களைப் படுக்கவைத்துப் படம் எடுத்த பிறகு என்ன கண்டீர்கள் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள். 'ஒன்றும் தெரியவில்லை' என்றாலும் சரி. எடுத்த படத்தில் சந்தேகத்துக்குரிய வேறு ஏதாவது தெரிந்தால் யார் சொல்வார்கள், எப்படிச் சொல்வார்கள் என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். 'மூளைச் சுருக்கம்' என்ற இரண்டு சொல்லை ஒரு கிழவர் தனியாக வாசித்துவிட்டு இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம்.

மருத்துவர்களிடம் கேட்பது இன்னும் சின்னது. ஸ்கேன் எழுதும் பேனாவை முதலில் நோயாளியிடம் கொடுத்து ஒரு சுருள் வரையச் சொல்லுங்கள்.

கை நடுங்குபவர்களுக்கு ஒரு தகவல். கையெழுத்துப் போட முடியாத முதியவர்களிடம் சாட்சிகள் முன்னிலையில் கைநாட்டு வாங்கிக்கொண்டு பணம் தர வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் உண்டு. கையெழுத்து மாறிவிட்டால் புதிய மாதிரிக் கையெழுத்தும் கொடுக்கலாம். திருப்பி அனுப்பினால் பேசாமல் வந்துவிடாமல் மேலாளரைப் பாருங்கள்.

என் நண்பருக்கு இப்போது குறைந்த அளவில் ஒரு மாத்திரை. நடுக்கம் முழுவதும் போகவில்லை. கனமான டம்ளரும் பெரிய கரண்டியும் வாங்கி வைத்திருக்கிறார். தனக்கு வந்தது என்ன என்று தெரிந்த பிறகு, யாராவது உற்றுப் பார்த்தால் அவரே பெயரைச் சொல்லி விளக்குகிறார். ஆராய்ச்சிக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் இரண்டு பேரும் சேர்ந்தே போவதாகப் பேசி வைத்திருக்கிறோம். நடுங்கும் மூளை ஒன்று, நடுங்காத மூளை ஒன்று. அவர்களுக்கு இரண்டும் தேவைப்படும்.